படகின் கடையாணி

அச்சுவேலி கடற்கரை ஊர் அன்று. செம்மண் தோட்டங்களும் வயல்களும் சந்தையும் கூடிய உள்நாட்டு ஊராகவே அது வலிகாமத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது. ஆயினும் கடல் அதற்கு அந்நியமன்று. ஊரின் கிழக்கே தொண்டைமானாற்று நீரேரி நீண்டு கிடக்கிறது. வடதிசையாகச் சில மைல் சென்றால் செல்வச்சந்நிதி முருகன் கோயிலையும், நீரேரி கடலோடு கலக்கும் முகத்தையும் காணலாம். ஆகவே அச்சுவேலியில் வளர்ந்த ஒருவன் வண்டியையும் அறிவான், வள்ளத்தையும் அறிவான். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விரண்டு அறிவும் வேண்டும்.

மாட்டுவண்டி ஓடிய காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். வெங்காயமோ புகையிலையோ ஏற்றிக்கொண்டு புறப்படுமுன், வண்டிக்காரர் எருதுகளைத் தட்டிக் கொடுத்துவிட்டு இரு சில்லுகளின் ஓரத்திலும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். அங்கே அச்சின் நுனியில் ஒரு சிறிய ஆணி செருகப்பட்டிருக்கும். அதற்குக் கடையாணி என்று பெயர். சில்லு அச்சிலிருந்து கழன்று போகாமற் காப்பது அதுவே. பாரம் முழுவதையும் எருதுகள் இழுக்கின்றன, சில்லுகள் தாங்குகின்றன, ஆனால் கடையாணி இல்லையெனில் வண்டி பாதி வழியில் குடை சாயும்.

இன்று நம் கரைகளில் ஓடும் இயந்திரப் படகுகளிலும் அதே கடையாணி இருக்கிறது. அது சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு சிறு கம்பி. அதனை அசட்டை செய்வதால் நடுக்கடலில் படகின் விசிறி கழன்று போகிறது. அவ்வாறு போனால் என்ன செய்வது, போகாமற் காப்பது எப்படி என்பவற்றையே இப்பொழுது கூற விரும்புகிறேன்.

விசிறி என்று நான் சொல்வது, படகின் இயந்திரத்துக்கு அடியில், நீருக்குள் சுழன்று படகை முன்னே தள்ளும் உறுப்பு. ஆங்கிலப் பெயரைத் தழுவிப் புரொப்பெலர் என்றும் அதனை வழங்குவர். பெரும்பாலும் மூன்று இதழ்கள் உடையதாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் சோளகக் காலத்தில் ஒரு காலைப் பொழுது. சந்நிதி கோயிலில் வழிபட்டுவிட்டுக் கரைப்பக்கம் நடந்து கொண்டிருந்தேன். இரவு தொழிலுக்குச் சென்ற படகுகள் திரும்பிக் கொண்டிருந்தன. கண்ணாடியிழைப் படகொன்றில் இரண்டு இளைஞர்கள் வந்தனர். கரையில் வேறு படகுகள் நெருக்கமாக நின்றமையால், வேகத்தைக் குறைப்பதற்காக ஓட்டியவர் பின்னோக்கு விசையைப் போட்டார். அடுத்த கணம் இயந்திரம் வெறிகொண்டது போல் அலறியது. படகோ நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே சென்று பக்கத்துப் படகின் விலாவில் இடித்தது. பின்னர், தரையிலிருந்து வீசிய சோளகக் காற்று அதனை மெல்லக் கடற்பக்கம் தள்ளத் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் கயிறு எறிந்து இழுத்துப் பிடித்தனர். இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்தபோது தண்டு மொட்டையாக நின்றது, விசிறியைக் காணவில்லை.

அங்கே வலை உலர்த்திக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகே வந்து, ஏசவும் இல்லை, இரங்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நேற்று விசிறியைக் கழற்றினீரோ?"

"ஓம் ஐயா. தங்கூசி சுற்றிக் கிடந்தது. கழற்றி எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன்."

"ஆணி போட்டீரோ?"

இளைஞர் விடை கூறவில்லை. பழைய ஆணி கழற்றும்போதே முறிந்து போயிற்று; புதியது கைவசம் இல்லை; நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இரவு முழுவதும் விசிறி நன்றாகவே ஓடியது. கரைக்கு வந்து சேரும் வேளையில்தான் அது கைவிட்டது.

இரவெல்லாம் ஓடிய விசிறி கரையில் மட்டும் ஏன் கழன்றது? இதற்குத் தெய்வக் குற்றம் தேட வேண்டியதில்லை. விசிறி தொழிற்படும் விதத்தை அறிந்தால் காரணம் தானே விளங்கும்.

விசிறியின் இதழ்கள் தட்டையானவை அல்ல. சற்று முறுக்கி வைக்கப்பட்டவை. சுழலும்போது அவை நீரைப் பின்னே தள்ளுகின்றன. அதன் எதிர்விசை விசிறியை முன்னே தள்ளுகிறது. விசிறி முன்னே நகர முயன்று, தண்டிலுள்ள ஒரு தடித்த வளையத்தில் அழுந்துகிறது. அந்த வளையத்தின் வழியாக விசை இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து படகுக்கும் செல்கிறது. ஆகவே படகு முன்னோக்கி ஓடும்போது விசிறி தன்னைத் தானே தண்டோடு அழுத்திக் கொள்கிறது. பின்புறத்திற் பூட்டப்பட்ட சுரை, அதாவது பட்டறைகளில் நட் என்று சொல்லப்படுவது, அந்நேரத்தில் பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. அது தளர்ந்தாலும், ஏன், முற்றாகக் கழன்று வீழ்ந்தாலுங்கூட, விசிறி சிறிது நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பின்னோக்கு விசையைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிறது. இப்பொழுது விசிறி பின்னே நகர முயல்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவது சுரை ஒன்றே. சுரை சுழன்று கழன்று விடாமல் தடுப்பது அதன் குறுக்கே செருகிய கடையாணி ஒன்றே. அந்த ஆணி இல்லையெனில் சுரை முன்னரே அதிர்விற் கழன்று போயிருக்கும். பின்னோக்கு விசை விழுந்ததும் விசிறி தண்டை விட்டு வழுக்கிச் சென்று நீரில் மூழ்கும். முதியவர் கேட்ட கேள்வியின் பொருள் இதுவே. பழுது நேர்ந்தது முதல் நாள் மாலை. வெளிப்பட்டதுதான் மறுநாட் காலை.

அந்த இளைஞர்கள் நற்பேறு பெற்றவர்கள். வலையை வாங்கும்போது நடுக்கடலிலும் படகைப் பின்னே எடுக்க வேண்டி வருவதுண்டு. அப்பொழுது விசிறி போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வடகரையில் வாழ்பவர்களுக்குக் காற்றின் இயல்பு தெரியும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவது. அது வலுவிழந்த படகைக் கரையை நோக்கித் தள்ளும். கற்பாரில் மோதும் ஆபத்து உண்டெனினும் கரை அண்மையிலே இருக்கும். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது. அது தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். சோளகக் காலத்தில் நம் கரையோரம் தாலத்து நீர் போல அமைதியாகக் காணப்படும். அந்த அமைதியே ஏமாற்று. கரையை விட்டு அகல அகல அலை எழும். படகு வடகிழக்காக வங்கக் கடலுக்குள் அடித்துச் செல்லப்படும். 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளில் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கைகளின்படி கடலில் எல்லைக்கோடும் உண்டு. இயந்திரம் பழுதடைந்து அக்கோட்டைக் கடந்து மறுகரை சேர்ந்தவர்கள், உயிர் தப்பிய மகிழ்ச்சியோடு தடுப்புக் காவலின் துன்பத்தையும் அனுபவித்திருக்கிறார்கள். ஒரு சிறு ஆணியின் விலை அவ்வளவு.

இனி இவ்விசிறியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அதிலும் நமக்கு வேண்டிய பாடம் உண்டு. தொடக்க காலத்து நீராவிப் படகுகள் இரு பக்கமும் பெருஞ் சில்லுகளைச் சுழற்றி நீரைத் துடுப்புப் போல் அடித்துச் சென்றன. 1836ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பெற்றிற் சிமித் என்ற ஆங்கிலேய விவசாயி, திருகாணி போன்ற ஓர் உறுப்பைக் கொண்டு படகைச் செலுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அது இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகு. 1837ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துக் கால்வாயொன்றில் அதனைப் பரீட்சித்துக் கொண்டிருந்தபோது, அது எதிலோ மோதிப் பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். மாறாக அது முன்னிலும் விரைவாக ஓடிற்று! திருகு நீளமாக இருக்க வேண்டியதில்லை, குறுகியதாக இருத்தலே நன்று என்ற உண்மையை அந்த விபத்து உணர்த்தியது. விசிறியைப் பாதி இழந்து ஆதாயம் பெற்றவர் உலகில் அவர் ஒருவராகவே இருக்கலாம்.

மற்றவர்களுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. புகழ்பெற்ற பொறியியலாளர் புரூணல் அமைத்த கிறேற் பிரித்தன் என்னும் இரும்புக் கப்பல், விசிறி கொண்டு அத்திலாந்திக் கடலைக் கடந்த முதற் பெருங் கப்பலாகும். 1845ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அதன் விசிறி இதழ்கள் முறிந்து போயின. ஆயினும் அக்கப்பலில் பாய்மரங்களும் இருந்தன. மாலுமிகள் பாய்களை விரித்து லிவர்ப்பூல் துறைமுகத்தை அடைந்தனர். புதிய கருவியை வரவேற்றவர்கள் பழைய துணையைக் கைவிடவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நம் நாட்டிற் கடற்றொழில் இயந்திரமயமானது 1950களின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் கட்டுமரமும் வள்ளமும் பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்தன. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் தோன்றிய சீநோர் நிறுவனம் காரைநகரிற் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. பின்புறப் பலகையிற் கொழுவிப் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பரவின. மண்ணெண்ணெயில் ஓடும் அவ்வியந்திரங்கள் இன்று கரையெங்கும் உள்ளன. அவை வந்த பிறகு படகில் துடுப்பு வைப்பதே குறைவு என்று கருதுவோரும் தோன்றினர். அங்கேதான் தவறு தொடங்கியது.

விசிறி கெடும் வகைகள் நான்கு. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஏனெனில் வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இயந்திரம் ஓடுகிறது, படகு நகரவில்லை. உடனே விசிறி போய்விட்டது என்று முடிவு செய்தல் கூடாது.

முதலாவது, விசிறி உண்மையாகவே கழன்று போதல். இதற்கு ஆணியின்மையே பெருங் காரணம் என்பதை மேலே கண்டோம். ஆணி இருந்தும் அது இரும்புக் கம்பியாகவோ பழைய ஆணியாகவோ இருந்து, உப்புநீரில் துருப்பிடித்து முறிந்தாலும் இதே விளைவுதான்.

இரண்டாவது, காவல் ஆணி முறிதல். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் தண்டையும் விசிறியையும் இணைக்கும் குறுக்காணி ஒன்று உண்டு. பட்டறையில் அதனைச் சியர் பின் என்பர். விசிறி கல்லிலோ மரத்திலோ மோதினால் அந்த ஆணி தான் முறிந்து, உள்ளேயுள்ள பற்சில்லுகளைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்துக்கு உருகுகம்பி எப்படியோ, விசிறிக்கு இது அப்படி. முறிவதற்காகவே செய்யப்பட்டது. இது முறிந்தால் விசிறி தன் இடத்திலேயே இருக்கும். ஆனால் தண்டோடு சேர்ந்து சுழலாது.

மூன்றாவது, உள்ளிருக்கும் றப்பர் வழுக்குதல். சற்றுப் பெரிய இயந்திரங்களில் குறுக்காணிக்குப் பதிலாக விசிறியின் குடத்துக்குள் றப்பர் உறை ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அது தளர்ந்தால், மெதுவாகச் செல்லும்போது படகு ஓடும். வேகத்தைக் கூட்டினால் இயந்திரம் மட்டும் இரையும், படகு ஓடாது. ஐயம் ஏற்பட்டால் உள்வளையத்தையும் வெளிக்குடத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு கீறி வையுங்கள். சிறிது தூரம் ஓடிய பின் பார்க்கையில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் றப்பர் வழுக்குகிறது என்பது உறுதி.

நான்காவது, இதழ் முறிதல். நீரேரியின் ஆழங்குறைந்த பகுதிகளிலும் கற்பார் உள்ள இடங்களிலும் இது பெரும்பாலும் நிகழும். படகு ஓடும், ஆனால் உடல் நடுங்குவது போல் அதிரும். அந்த அதிர்வைப் பொருட்படுத்தாமல் வேகமாக ஓட்டினால் தண்டும் தாங்கிகளும் கெடும்.

நடுக்கடலில் இவற்றுள் எது நேர்ந்தாலும் முதற் கடமை இயந்திரத்தை உடனே நிறுத்துவது. நீரின் தடையில்லாத விசிறியோ, விசிறியில்லாத தண்டோ, இயந்திரத்தை அளவுக்கு மிஞ்சிச் சுழல விடும். ஒரு பழுது இரண்டு பழுதாக வேண்டாம்.

இரண்டாவது கடமை, இடத்தைக் குறித்தல். வலையில் கட்டும் மிதவை ஒன்றையும் ஒரு பாரத்தையும் கயிற்றிற் பிணைத்து அந்தக் கணமே நீரில் எறியுங்கள். கரை தெரியுமாயின் இரண்டு திசைகளிற் கரைக்குறி பாருங்கள். கோபுரத்தின் நேரே எந்தப் பனை, வெளிச்சக் கூட்டின் நேரே எந்தக் கூரை என்று மனத்திற் கொள்ளுங்கள். மீன் கிடக்கும் இடத்தைக் குறிக்க நம் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் கலை இது. விசிறியைத் தேடவும் அதுவே உதவும்.

மூன்றாவது, படகைக் கடல் இழுத்துச் செல்லாமற் காத்தல். பாக்கு நீரிணை பெரிதும் ஆழங்குறைந்த கடலாதலின் பல இடங்களில் நங்கூரம் பிடிக்கும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு நீளத்துக்குக் கயிற்றை விடுங்கள். குறைந்தால் நங்கூரம் நிலத்தைப் பற்றாது இழுபடும். ஆழம் மிகுந்த இடமாயின், வலைக் கட்டையோ வாளியையோ அணியத்திலிருந்து கயிற்றில் விடுங்கள். அது நீரில் இழுபட்டுப் படகின் ஓட்டத்தைத் தணிக்கும். படகின் தலையை அலைக்கு நேரே நிறுத்தும். விலாவைக் காட்டி மிதக்கும் படகே எளிதிற் கவிழ்வது.

இவை முடிந்த பின்னரே இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும். தீப்பொறிக் கம்பியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். கையால் விசிறியைத் திருப்பும்போது இயந்திரம் தற்செயலாகப் பற்றிக்கொண்டால் விரல்கள் போய்விடும். பின்பலகைக்கு வெளியே குனிந்து வேலை செய்பவரை மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சிறு உபாயமும் உண்டு. இயந்திரத்துக்குக் கீழே ஒரு சாக்கையோ வலைத்துண்டையோ தொட்டில் போலக் கட்டிவிடுங்கள். கையிலிருந்து நழுவும் சுரை கடலுக்குப் போகாமல் அதில் விழும். விசிறி இருந்தும் சுரையைத் தவறவிட்டமையால் கரை சேர முடியாமற் போவதைப் போன்ற துயரம் வேறில்லை.

மாற்று விசிறி கையில் இருந்தால் அதனைப் பூட்டும் ஒழுங்கு இதுவே. முதலில் தடித்த வளையம், அதன்மேலே விசிறி, பின்பு இடைவளையமும் வாசரும், பின்பு சுரை, இறுதியாகக் கடையாணி. தடித்த வளையம் பல வேளைகளில் விசிறியோடு சேர்ந்து வீழ்ந்துவிடும். அது இல்லாமல் விசிறியைப் பூட்டி ஓட்டக் கூடாது. விசிறியின் குடம் இயந்திரத்தின் அடிப்பெட்டியிலேயே உராய்ந்து அதனைத் தின்றுவிடும். சுரையை முறுக்கியபின் அதன் வெட்டும் தண்டின் துளையும் நேராக வராவிட்டால், சிறிது மேலும் முறுக்கி நேராக்குங்கள், பின்னே தளர்த்தாதீர்கள். ஆணியைச் செருகி அதன் இரு கால்களையும் எதிரெதிராக மடித்துவிடுங்கள். ஒருமுறை மடித்த ஆணியை மறுமுறை பயன்படுத்தல் ஆகாது. நிமிர்த்தும்போதே அதன் வலிமை போய்விடுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தார் கைவினைத் திறனிற் பெயர் பெற்றவர்கள். 1990களின் பொருள் தட்டுப்பாட்டுக் காலத்திற் சில துளி பெற்றோலால் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகளை ஓட்டிய மக்கள் நாம். இல்லாததைக் கொண்டு இருப்பதை இயக்கும் அந்த ஆற்றல் போற்றத்தக்கதே. ஆனால் காவல் ஆணிக்குப் பதிலாக உருக்கு ஆணியை அடித்து வைப்பது திறனன்று. முறிய வேண்டியது முறியாவிட்டால், முறியக் கூடாதது முறியும். அடுத்த முறை கல்லில் மோதும்போது சில ரூபா ஆணி தப்பிவிடும். இயந்திரத்தின் பற்சில்லுகள் நொறுங்கும். கடையாணிக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றுவதும் அவ்வாறே. கரை சேரும் வரைக்கும் அது உதவலாம். கரை சேர்ந்த பின்னும் அதுவே கிடக்குமாயின் அது உதவியன்று, பொறி.

மாற்று விசிறி இல்லையெனில் துடுப்பு வேண்டும். பதினெட்டு அடிக் கண்ணாடியிழைப் படகைத் துடுப்பால் வலித்தல் எளிதன்று; எனினும் இருவர் முயன்றால் அலையடங்கிய நீரிற் கரைக்குக் கொணரலாம். நீரேரியில் கோலூன்றியே வரலாம். காற்று கரையை நோக்கி வீசுமாயின் ஒரு கழியில் விரிப்பைக் கட்டினாலும் படகு நகரும். சோளகத்தை எதிர்த்து வலிக்கத் தொடங்கிக் களைத்துப் போவதிலும், நங்கூரமிட்டு உதவியை எதிர்பார்த்திருப்பதே மேல். கைத்தொலைபேசி நீர்புகாத உறையில் இருந்தால் அப்பொழுது பயன்படும். எந்தத் திசையில் தொழிலுக்குப் போகிறோம், எந்நேரம் திரும்புவோம் என்பதைப் புறப்படுமுன் வீட்டாரிடம் சொல்லியிருந்தால் அது அதனிலும் பயன்படும்.

தொலைந்த விசிறியைத் தேடலாமா என்று கேட்பீர்கள். ஆழங்குறைந்த தெளிந்த நீரில் தேடலாம். விசிறி பாரமான உலோகமாதலின் நேரே கீழே சென்று கிடக்கும், நெடுந்தூரம் இழுபடாது. மிதவையிட்ட இடத்தில் ஒரு பாரத்தை இறக்கி, அதிற் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றித் தேட வேண்டும். ஒரு வட்டம் முடிந்ததும் கயிற்றை ஒரு முழம் நீட்டி அடுத்த வட்டம். முன் சொன்ன இளைஞர்களின் விசிறி இவ்வாறுதான், நெஞ்சளவு நீரில், மூன்றாவது வட்டத்தில் ஒருவருடைய காலில் தட்டுப்பட்டது. ஆழமான நீரிற் பழக்கமில்லாதவர் இறங்குதலும், தனியே மூழ்குதலும் ஒருபோதும் கூடாது. விசிறிக்கு விலை உண்டு. அது கொடுத்து வாங்கக் கூடியது.

புதிய விசிறி வாங்கும்போது தண்டிற் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. விசிறியிற் பொறித்திருக்கும் இரண்டு எண்களையும் நோக்குங்கள். முதலாவது விட்டம். இரண்டாவது, ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற புரியளவு. வணிகர் அதனைப் பிச் என்பர். 10 அங்குலப் புரியளவுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்வதாகக் கொள்வோம். கணக்கின்படி அது நிமிடத்தில் 25,000 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,080 அடி செல்ல வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 20 கடல் மைல். ஆனால் திருகாணி மரத்திற் பிடிப்பது போல் நீர் பிடித்துக் கொடுப்பதில்லை; அது நழுவும். எனவே உண்மை வேகம் அதனிற் குறைவாகவே இருக்கும். புரியளவு ஓர் அங்குலம் கூடினால் இயந்திரத்தின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை குறையும். வேகத்தில் ஆசைப்பட்டுப் பெரிய புரியளவை மாட்டினால், வலையும் மீனும் ஏற்றிய படகை இழுக்க இயந்திரம் திணறும், எரிபொருளும் வீணாகும். பாரம் சுமக்கும் தொழிற்படகுக்குச் சிறிய புரியளவே ஏற்றது. மெல்ல நடக்கும் எருதுதான் பாரவண்டிக்கு உகந்தது என்பதை அச்சுவேலி விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய விசிறியையும் எறிந்துவிடாதீர்கள். இதழ் சற்று வளைந்த அலுமினிய விசிறியைப் பட்டறையிற் கொடுத்து நேராக்கிப் படகில் வைத்திருங்கள். ஒட்டித் திருத்திய விசிறியை ஒரு வழவழப்பான கம்பியிற் கோத்துச் சுழலவிட்டுப் பாருங்கள். ஒரே இதழ் எப்பொழுதும் கீழே வந்து நின்றால் அது பாரம் கூடியது. அதனை அராவிச் சமப்படுத்தல் வேண்டும்.

இறுதியாக, வழக்கத்துக்குக் கொள்ள வேண்டிய சில. மாதம் ஒருமுறையேனும் விசிறியைக் கழற்றுங்கள். தண்டின் பற்களைத் துடைத்து, நீரிற் கரையாத கிறீசு பூசுங்கள். விசிறிக்குப் பின்னே தங்கூசி சுற்றியிருந்தால் அகற்றுங்கள். அது தண்டைச் சூழ்ந்த அடைப்பை அறுத்து, எண்ணெய்ப் பெட்டிக்குள் கடல்நீரை விடும். அடிப்பெட்டி எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். பின்பு புதிய ஆணி செருகுங்கள். ஒரு சிறு பையில் சுரை ஒன்று, வாசர்கள், தடித்த வளையம், துருப்பிடியாத ஆணிகள் சில, திறப்பு, குறடு ஆகியவற்றை இட்டுப் படகோடு கட்டிவையுங்கள். வீட்டிலுள்ள ஆணி கடலில் உதவாது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கர் ஒருவர் அதனை வாங்கிப் பெயர் மாற்றிய பின், அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் கரையிற் பிறந்தவர்கள் காற்றை நம்பி அத்திலாந்திக் கடலைக் கடந்தார்கள். அவர்கள் கயிறு ஒவ்வொன்றையும் முடிச்சு ஒவ்வொன்றையும் புறப்படுமுன் கையால் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இயந்திரம் நமக்கு அளித்தது வேகம். தொட்டுப் பார்க்கும் அந்த வழக்கத்திலிருந்து அது நமக்கு விடுதலை அளிக்கவில்லை.

ஆகவே நேயர்களே, நாளை மாலை படகைத் தள்ளுமுன், அந்தக் காலத்து வண்டிக்காரரைப் போல ஒருமுறை குனிந்து பாருங்கள். ஆணி இருக்கிறதா? இரு கால்களும் மடிந்திருக்கின்றனவா? இருக்குமாயின், கரையிற் காத்திருப்பவர்கள் நிம்மதியாக உறங்கலாம்.